ஜாஸ் இசைத்தட்டுகளின் மறுபதிப்பும் செவியின் சாட்சியமும்



இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு என்ன வேலை என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். ஒரு கலைப்படைப்பு எவ்வாறு மறக்கப்படுகிறது, எவ்வாறு மீட்கப்படுகிறது, மீட்கப்பட்டதைப் பற்றிச் சுவைஞர்கள் தமக்குள் எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்னும் மூன்று வினாக்களுக்கு அவ்விசையின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகின்றது. படித்ததைப் பற்றிக் கூடிப் பேசுவதையே கடமையாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு அவ்விடைகள் பயன் தருவன.

ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற இசை. அதன் முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவ்விசையின் உயிர்நாடி மனோதர்மம். மேலை மரபிசையில் இசையமைத்தவர் எழுதிவைத்த தாளைக் கொண்டு நூறாண்டு கழித்தும் வேறொருவர் அப்படைப்பை வாசித்துவிடலாம். ஜாஸில் மெட்டு மட்டுமே முன்கூட்டி அமைவது. ஓர் இரவில் ஒருவர் அம்மெட்டின்மேல் எழுப்பிய கற்பனை மறுநாள் அவருக்கே திரும்ப வாய்ப்பதில்லை. ஆதலால் அவ்விசைக்கு ஒலிப்பதிவே ஏடு. பதிவு அழிந்தால் படைப்பும் அழியும். பதிவு கிடங்கில் முடங்கினால் படைப்பும் முடங்கும். இசைத்தட்டு மறுபதிப்பு ஜாஸ் உலகில் வெறும் வணிகமாக நின்றுவிடாததற்கு இதுவே காரணம்.

பெயரறிதல்

1930களில் அமெரிக்க நிறுவனங்கள் விற்பனை குறைந்த பழைய தட்டுகளை அச்சிடுவதை நிறுத்திவிட்டிருந்தன. நியூயார்க் நகரில் தம் தந்தையாரின் கொமடோர் என்னும் கடையில் இசைத்தட்டு விற்றுவந்த மில்ட் கேப்லர், அந்நிறுவனங்களிடம் பேசி, பழைய அச்சுகளிலிருந்து புதிய படிகளை எடுத்து விற்கத் தொடங்கினார். தட்டின் நடுச்சீட்டில் குழுத்தலைவர் பெயர் மட்டுமே காணப்பட்ட காலத்தில், வாசித்த கலைஞர் அனைவரின் பெயர்களையும் அவர் அச்சிட்டார். 1936இல் பாரிஸ் நகரத்துச் சார்ல் தெலோனே இசைத்தட்டுகளின் விளக்க அட்டவணை ஒன்றை நூலாக வெளியிட்டார். எந்தத் தட்டு எந்நாளில் பதிவாயிற்று, யார் எக்கருவியை வாசித்தார் என்று அந்நூல் வரிசைப்படுத்தியது.

அந்த அட்டவணை பிறந்த விதம் எண்ணத்தக்கது. ஒரே தட்டைப் பலர் திரும்பத் திரும்பக் கேட்டனர். இந்த டிரம்பெட் இன்னாருடையது என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று மற்றொருவர் மறுத்தார். கடிதங்கள் எழுந்தன, கலைஞர்களையே தேடிச்சென்று கேட்டவர்களும் உண்டு. சேகரிப்பாளர்களின் கருத்துப் பரிமாற்றத்திலிருந்து ஒரு வரலாற்றுத்துறையே பிறந்தது என்றால் மிகையாகாது. பெயரற்றுக் கிடந்தவர்களுக்குப் பெயர் கிடைத்ததே அதன் முதற்பயன்.

கிடங்கில் உறங்கியவர்கள்

பெர்லினிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த ஆல்ஃபிரட் லயன் 1939ஆம் ஆண்டு புளூ நோட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய பெர்லின் நண்பரும் நிழற்படக் கலைஞருமான ஃபிரான்சிஸ் உல்ஃப் விரைவில் அவருடன் சேர்ந்தார். பகலில் கண்பார்வை சோதித்துக் கண்ணாடி தரும் தொழிலைச் செய்துவந்த ரூடி வான் கெல்டர் என்னும் இளைஞர், நியூஜெர்சி மாநிலத்து ஹாக்கன்சாக்கில் இருந்த தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே அவர்களுக்கு ஒலிப்பதிவு செய்துகொடுத்தார். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னுமிடத்தில் அவருக்கெனத் தனி ஒலிப்பதிவுக்கூடம் அமைந்தது.

லயன் வெளியிட்டதைவிடப் பதிவு செய்தது மிகுதி. அதனால் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் டீனா புரூக்ஸ் என்னும் சாக்ஸஃபோன் கலைஞர். 1958 முதல் 1961 வரை அவர் தலைமையில் நான்கு தட்டுகளுக்கான இசை பதிவாயிற்று. அவர் வாழ்நாளில் வெளிவந்தது ‘ட்ரூ புளூ’ என்னும் ஒன்றே. மற்றொன்றுக்கு வெளியீட்டு எண் இடப்பட்டது, உறையும் வரையப்பட்டது. தட்டு மட்டும் வரவில்லை. புரூக்ஸ் 1974இல், தம் 42ஆம் வயதில், பெரும்பாலோரால் மறக்கப்பட்டவராக மறைந்தார்.

இடையில் 1965இல் நிறுவனம் கைமாறியது. 1967இல் லயன் விலகினார். 1971இல் உல்ஃப் காலமானார். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல நிறுவனத்தில் ஆளில்லை. 1975ஆம் ஆண்டு மைக்கேல் கஸ்குனா அக்கிடங்கினுள் நுழைந்தார். நாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, உயிரோடிருந்த கலைஞர்களை வினவி, பெயரும் நாளும் குறித்தார். 1983இல் அவரும் சார்லி லூரியும் மொசைக் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு கலைஞரின் பதிவுகளை முழுமையாகத் தொகுத்து, விரிவான குறிப்பேட்டுடன், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டனர். முதல் தொகுதி பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கினுடையது. 1985இல் புரூக்ஸின் தொகுதி வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை. பதினொரு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஹெர்பி நிக்கல்ஸின் வரலாறு கவிஞர்களை இன்னும் நெருங்கித் தொடும். அவர் பியானோ கலைஞர், கவிதையும் எழுதியவர். 1955, 1956ஆம் ஆண்டுகளில் புளூ நோட்டுக்காகத் தம் சொந்தப் படைப்புகளை வாசித்தார். அவை விற்கவில்லை. பிழைப்புக்காகப் பழைய பாணிக் குழுக்களில் பிறர் கேட்டவற்றை வாசித்துக் காலந்தள்ளி, 1963இல், 44ஆம் வயதில் மறைந்தார். மொசைக் நிறுவனம் 1987இல் அவருடைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 1990களில் நியூயார்க் நகரத்து இளங்கலைஞர்கள், பியானோ கலைஞர் ஃபிராங்க் கிம்ப்ரோவும் பாஸ் கலைஞர் பென் ஆலிசனும் முன்னிற்க, நிக்கல்ஸின் படைப்புகளை வாசிப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தனர். மறுபதிப்பு சேகரிப்பாளரின் அலமாரியோடு நின்றுவிடாமல் புதிய கலைஞரின் விரல்களை எட்டியதற்கு இது தக்க சான்று.

பாடபேதம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பழகியவர்களுக்குப் பாடபேதம் புதியதன்று. ஜாஸ் மறுபதிப்பிலும் அச்சிக்கல் உண்டு. ஒரே மெட்டை ஒரே நாளில் மூன்று நான்கு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றைத் தேர்ந்து வெளியிடுவது வழக்கம். மறுபதிப்பில் எஞ்சியவற்றையும் சேர்க்கலாமா?

பில் எவான்ஸ் 1961ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் தம் மூவர் குழுவோடு ஐந்து சுற்றுகள் வாசித்தார். பதினொரு நாள் கழித்து, குழுவின் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 25. அன்றைய இசையிலிருந்து தேர்ந்தெடுத்து இரு தட்டுகள் அக்காலத்தில் வெளியாயின. 2005இல் அந்நாள் முழுவதும் வாசித்த வரிசையிலேயே வெளிவந்தது. மின்தடையால் இடையில் அறுபட்ட பாட்டும் அதில் உண்டு.

இதில் சுவைஞர்கள் இருசாராராய்ப் பிரிந்தனர். தேர்ந்தெடுத்து அடுக்குவதும் கலையே, கலைஞர் ஒதுக்கியதை வெளியிடல் முறையன்று என்பது ஒரு சாரார் கருத்து. மனோதர்ம இசையில் ஒதுக்கப்பட்டதும் தனிப்படைப்பே, இறந்த இளைஞரின் ஒரு சுரத்தையும் இழக்கலாகாது என்பது மறுசாரார் கருத்து. இரண்டும் காரணம் உடையன. முதலில் பழைய தேர்வைத் தேர்வாகவே கேட்டு, பின்னர் முழுமையைத் தேடிச்செல்பவர் இருசாராருக்கும் நியாயம் செய்தவராவார்.

சுருதியும் செவியும்

சுவைஞரின் செவி எத்துணை வலிமையுடையது என்பதற்கு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஓர் எடுத்துக்காட்டு. 1959ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று நடந்த முதல் அமர்வில், மூலநாடா ஓடிய பொறி சற்றே மெதுவாக ஓடியது. அதனால் அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கச் செய்தபோது, தட்டின் முதற்பக்கத்து மூன்று பாடல்களும் சுருதி சற்று ஏறியே ஒலித்தன. உலகெங்கும் அத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்களின் கருவிகள் அதனோடு இணையவில்லை. அதே அமர்வில் வேறொரு பொறியில் காப்புக்காக எடுத்திருந்த நாடாவைக் கொண்டு 1992ஆம் ஆண்டு மறுபதிப்பில் பிழை திருத்தப்பட்டது. டேவிஸ் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.

மறுபதிப்பைச் செய்பவர் யார் என்பதும் விவாதத்துக்குரியதே. 1990களின் இறுதியிலிருந்து வான் கெல்டர் தாம் இளமையில் பதிவு செய்த புளூ நோட் நாடாக்களைத் தாமே குறுந்தகடுகளுக்காக மீண்டும் சீரமைத்தார். பதிவு செய்தவரே திருத்துகையில் மறுப்பதற்கு என்ன உண்டு என்றனர் சிலர். முதல் தட்டில் இருந்த காற்றும் இடைவெளியும் இதில் நெருங்கிப்போயின என்றனர் வேறு சிலர். கவிஞர் தம் இளமைக் கவிதையை முதுமையில் திருத்தும்போது எழும் வழக்கே இது. திருத்தியவர் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டாக வேண்டும்.

நம்பிக்கை கேட்டதா, செவி கேட்டதா?

2022ஆம் ஆண்டு சேகரிப்பாளர் உலகை உலுக்கிய நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கலிபோர்னியாவைச் சேர்ந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் ஜாஸ் உள்ளிட்ட பலவகை இசைத்தட்டுகளை உயர்விலையில் மறுபதிப்புச் செய்துவந்தது. மூலநாடாவிலிருந்து, இடையே கணினி ஏதும் நுழையாமல், நேரே தட்டுக்கு ஒலி செல்கிறது என்று வாங்கியவர்கள் நம்பினர். பல தட்டுகளுக்கு நாடாவிலிருந்து முதலில் எண்முறைப் படி ஒன்று எடுக்கப்பட்டு, அதிலிருந்தே தட்டு வெட்டப்பட்டது என்பது அவ்வாண்டு ஜூலையில் வெளிப்பட்டது. வழக்குகளும் தொடரப்பட்டன.

விலை கொடுத்தவர்களின் சினம் நியாயமானது. வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி சொல்லப்படவில்லை. எனினும் நிகழ்ச்சியின் மற்றொரு பக்கம் சுவைஞர்களையே நோக்கி நீள்கின்றது. எண்முறை ஒலி உயிரற்றது, கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர்களுள் பலர், இதே தட்டுகளைத் தூய நாடாவொலிக்குச் சான்றாகப் புகழ்ந்திருந்தனர். அவர்கள் கேட்டது தட்டை மட்டுமன்று. உறையின்மேல் இருந்த வாசகத்தையும் சேர்த்தே கேட்டனர்.

இலக்கிய உலகிலும் இந்நோய் உண்டு. கவிதையைப் படிக்குமுன் கவிஞர் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் படித்து, பாராட்டை அங்கேயே முடிவுசெய்துகொள்ளும் பழக்கம் அது. எவ்வளவு சேகரித்தாலும் அத்தகைய பாராட்டால் ஒரு படைப்புக்கும் நன்மை விளையாது. புரூக்ஸைப் பற்றியும் நிக்கல்ஸைப் பற்றியும் புகழ்மொழி ஏதும் புழங்காத காலத்தில், தம் செவியை மட்டும் நம்பி, இவர்கள் பெரியவர்கள் என்று சொல்லத் துணிந்த சிலர் இருந்தனர். அச்சிலர் இல்லையேல் அந்த நாடாக்கள் பெட்டியிலேயே மக்கியிருக்கும்.

சேகரிப்பாளரின் கடன்

2008ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யூனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் இசைக்கிடங்கு ஒன்றும் எரிந்தது. இழப்பின் பரப்பு 2019இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் எழுதிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. எத்தனை நாடாக்கள் அழிந்தன என்பதில் நிறுவனத்துக்கும் இதழுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மூலங்கள் அழிந்தன என்பதில் ஐயமில்லை. மூலம் எரிந்த பின்னர் எஞ்சுவன முன்பே அச்சான தட்டுகளும் பிறர் காத்துவைத்த படிகளுமே.

மறுபுறம், மங்கும் ஜான் கோல்ட்ரேனும் 1957ஆம் ஆண்டு நவம்பரில் கார்னகி அரங்கில் சேர்ந்து வாசித்த இசையின் நாடா, 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு அவ்வாண்டே தட்டாயிற்று. கோல்ட்ரேன் 1963ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று பதிவு செய்த இசை, அவருடைய முதல் மனைவியின் குடும்பத்தார் வைத்திருந்த நாடாவிலிருந்து 2018இல் வெளிவந்தது. நிறுவனம் காக்கத் தவறியதை நூலகமும் குடும்பமும் காத்தன.

ஆகவே சேகரிப்பாளருக்கு இரு கடன்கள் உண்டு. முதலாவது, காத்தல். உறை பிரிக்காத தட்டை விலையேறும் வரை பூட்டிவைப்பது இதில் அடங்காது. இன்று ‘ட்ரூ புளூ’வின் முதற்பதிப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் தருவோர் உளர், அத்தொகையில் ஒரு காசும் புரூக்ஸைச் சென்றடைந்ததில்லை. அவருக்குச் செலுத்தக்கூடியது கேட்டல் ஒன்றே. இரண்டாவது, சாட்சி சொல்லுதல். எந்தப் பதிப்பைக் கேட்டார், எதனோடு ஒப்பிட்டார், எவ்விடத்தில் வேறுபாடு கண்டார் என்று உரைக்கும் கருத்துக்கு மறுப்பும் எழலாம், திருத்தமும் வரலாம். அதனால்தான் அது பயன் தருகின்றது. அருமை என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு உரக்கச் சொல்லப்பட்டாலும் யாருக்கும் எதையும் தருவதில்லை.

2019ஆம் ஆண்டு புளூ நோட் தன் எண்பதாம் ஆண்டையொட்டி ஒரு மறுபதிப்பு வரிசையைத் தொடங்கியது. அதைப் பொறுப்பேற்று நடத்திய ஜோ ஹார்லியைச் சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிட் ஒலிக்கவிஞர் என்று அழைத்துவந்தார். அப்பெயரே வரிசையின் பெயருமாயிற்று. தாமாக ஒரு சுரமும் வாசிக்காத, பிறர் வாசித்ததைப் பழுதின்றிக் கொண்டுவந்து சேர்த்த ஒருவருக்கு ஓர் இசைக்கலைஞர் அளித்த பட்டம் அது. கவிதை எழுதுவோரும் கவிதையைக் கவனமாகப் படித்துப் பேசுவோரும் ஒரே அவையில் அமர்ந்திருக்கும் இந்நாளில், அப்பட்டத்தில் இருசாராருக்கும் பங்குண்டு.