பனிநிலத்துப் பரிவேடம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நமது புள்ளலூர் ஓவியத்தில் ஏறிய ஊர். 1780 செப்டம்பரில் இங்கு நடந்த போரைத் திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். யானையும் குதிரையும் நிறைந்த அது, வென்றவர் பெருமை பேச எழுந்தது. இன்று யான் பேச விழைவதோ வேறு வகை ஓவியம். அதில் படையில்லை, அரசனில்லை. நிலவும் அதனைச் சூழ்ந்த ஒளிவட்டமுமே உண்டு.

எட்வர்டு வில்சன் என்னும் ஆங்கில மருத்துவர், காப்டன் ஸ்காட்டுடன் 1901இலும் 1910இலும் தென்துருவப் பகுதிக்குப் புறப்பட்டவர். அக்காலப் புகைப்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே. வானத்து வண்ணங்களைக் கையால்தான் பதிய வேண்டும். நீர்வண்ணமோ கடுங்குளிரில் உறைந்துவிடும். ஆதலின் அவர் வெளியில் நின்று பென்சிலால் கோடிட்டு, எவ்விடத்தில் எந்நிறம் என்று சொற்களால் குறித்துக்கொண்டு, பின்னர்க் குடிலுக்குள் வண்ணம் தீட்டுவார். 1911 ஜூனில், கதிரவனே எழாத நெடிய இரவில், எவான்ஸ் முனையில் அவர் கண்டு தீட்டிய ஓவியம் ஒன்றில் நிலவின் இருபுறமும் போலி நிலவுகள் ஒளிர்கின்றன. 1912 மார்ச்சில், துருவம் கண்டு திரும்பும் வழியில், ஸ்காட்டுடன் அவரும் மாண்டார். (அக்குழுவினர்க்கு உதவ, இமயமலையில் பழக்கிய 7 கோவேறு கழுதைகள் இந்தியாவிலிருந்து சென்றன என்பது பலர் அறியாத செய்தி.)

பனிநிலத்துச் செய்தி நமக்கெதற்கு என்று கேட்கலாம். அதே வட்டம் நம்மூர் வானிலும் தோன்றுகிறது. நூல்கள் அதனைப் பரிவேடம் என்னும். நம் பாட்டிமார் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பர். சித்திரை வெயிலில் நாம் வெந்துகொண்டிருக்கையிலும், தலைக்குமேல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்து மென்முகில்களில் இருப்பவை பனிப்படிகங்களே. அறுகோணப் படிகத்தின் ஒரு பக்கத்தில் புகுந்து வேறொரு பக்கத்தில் வெளிப்படும் ஒளி, குறைந்த அளவாக 22 பாகை வளைகிறது. எனவே வட்டத்தின் ஆரம் துருவத்திலும் புள்ளலூரிலும் ஒன்றே.

நம் முன்னோர் களத்துமேட்டில் இரவெல்லாம் காவல் கிடந்து வானத்தைப் பார்த்தவர்கள். வில்சனைவிடக் குறையப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. எந்நாளில் எவ்வட்டம், எத்தனை நாள் கழித்து மழை என்ற கணக்கு அவர்களோடு மண்ணாயிற்று. அகன்ற வட்டம் கண்டால் மழை என்னும் ஒரு சொல் மட்டும் எஞ்சிற்று. அதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவாரும் உளர். அப்படியே நம்புவாரும் உளர். இருவருமே சோதித்துப் பார்த்தவர் அல்லர். மென்முகில் சிலபோது மழைமேகத்துக்கு முன்னோடியாக வரும். சிலபோது வறிதே கலைந்துபோகும். எத்தனைக்கு எத்தனை என்று சொல்ல நம் வீடுகளில் ஏடில்லை.

மாணவர்களே, இதற்குக் கருவி வேண்டா. கையை நீட்டிக் கட்டைவிரலால் நிலவை மறைத்து, விரல்களை நன்கு விரியுங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். நாள், மணி, வட்டம் முழுமையா குறையா, உள்விளிம்பு சிவந்துள்ளதா, மழை வந்ததா, எத்தனை நாளில் என்பவற்றை நோட்டில் குறியுங்கள். மழை வராவிடில் அதையும் குறியுங்கள். பகலில் கதிரவனைச் சுற்றி வட்டம் தோன்றினால், கதிரவனை ஒரு சுவருக்குப் பின் மறைத்துக்கொண்டே பாருங்கள். பனிவெளியின் கூசும் ஒளியில் வரைந்து, வில்சன் பன்முறை கண் திறக்கவியலாத வலியில் கிடந்திருக்கிறார்.