ஊசி முனையில் ஓர் உயிர்

மேடையிலே பேசியதை ஏட்டிலே தருகிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்க, கேளாதவர்கள் செவி தருக.

நெய்யூர் என்றதும் குமரி மாவட்டத்தார்க்கு எது நினைவுக்கு வரும்? மருத்துவமனைதானே! 1838-ஆம் ஆண்டிலே ராம்சே என்ற மருத்துவர் இலண்டன் மிஷன் சார்பிலே அங்கு பணி தொடங்கினார். 1922-ஆம் ஆண்டிலே எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவினருள் ஒருவரான சாமர்வெல், மலையை விட்டு இறங்கியபின் தெற்கே சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூரிலே நோயாளிகள் காத்துக் கிடந்த காட்சியைக் கண்டார். அவர்களைக் கவனிக்கும் கைகள் போதாமையையும் கண்டார். இலண்டனிலே காத்திருந்த வளமான வாழ்வை வேண்டாமென்றார், நெய்யூர் போதுமென்றார்.

"வைத்தியர் இல்லையே!" என்பது அன்றைய ஏக்கம். இன்று? வடசேரியிலிருந்து கோட்டாறு வரை நடந்து பாருங்கள். பலகைக்குப் பின் பலகை. பெயருக்குப் பின் பட்டம். ஆசாரிப்பள்ளத்திலே 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. ஏக்கம் தீர்ந்தது; கேள்வி பிறந்தது. உள்ளே செல்பவன் கொண்டுபோன நோயை இறக்கிவைத்து வருகிறானா? கொண்டுபோகாத நோயையும் சுமந்து வருகிறானா?

வீண் அச்சம் என்கிறீர்களா? வியன்னா நகருக்கு வாருங்கள். ஆண்டு 1847. பெரிய மருத்துவமனை, பேர்பெற்ற பேராசிரியர்கள். ஆனால் ஏப்ரல் மாதத்திலே அதன் ஒரு பிரிவிலே பிள்ளை பெற்ற தாய்மாரில் 100-க்கு 18 பேர் மாண்டனர். காரணம் தேடினார் செம்மல்வைஸ். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கின்றனர் மாணவர்கள் என்பதைக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவுங்கள் என்றார். ஜூன் மாதத்திலே சாவு 100-க்கு 2 ஆயிற்று! பாராட்டினார்களா? "எங்கள் கை அழுக்கா?" என்று சினந்தார்கள் பெரியவர்கள் பலர். 1865-இல் மனநோயாளர் விடுதியிலே மாண்டார் அந்த மனிதர்.

வியன்னா தொலைவு, ஆண்டும் பழையது என்பீர்கள். 2018 பிப்ரவரி அண்மைதானே? உத்தரப்பிரதேசத்திலே, உன்னாவ் மாவட்டத்து பாங்கர்மாவ் பகுதியிலே, ஊர் ஊராகச் சென்று குறைந்த காசுக்கு ஊசி போட்டான் ஒருவன். ஒரே ஊசியைப் பலருக்கும் குத்தினான் என்பது குற்றச்சாட்டு. அந்த வட்டாரத்திலே பலருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது.

"அவன் போலி வைத்தியன், நாம் போவது படித்தவரிடம்" என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. அதே ஆண்டு டிசம்பரிலே, நம் தமிழ்நாட்டிலே, சாத்தூர் அரசு மருத்துவமனையிலே, கருவுற்ற பெண்ணொருத்திக்கு ஏற்றப்பட்ட இரத்தத்திலே எச்.ஐ.வி. இருந்தது. வந்த இடம் சிவகாசி அரசு இரத்த வங்கி. போலிகள் நடத்திய கடையா அது? பட்டம் இருந்தது, பதவி இருந்தது, பதிவேடு இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞரே தம் நிலை அறிந்து பதறி வந்து சொன்ன பிறகுதான் தவறு வெளிப்பட்டது. எண்ணிப் பாருங்கள், காவல் காக்க வேண்டியவர் கண்ணயர்ந்தார், கொடுத்தவரின் மனச்சான்று விழித்திருந்தது!

சட்டம் இல்லையா? உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 1997-இல் செய்தது. அதற்குரிய விதிகள் எப்போது வந்தன? 2018-இல்! கருவுற்று 21 ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளை. இடையிலே ஆண்டவர் யார் என்று கணக்கெடுத்து எதிர்க்கட்சியைச் சாட எனக்கும் நா துடிக்கிறது. ஆனால் அந்தக் கணக்கிலே எவரும் தப்ப முடியாது, நாமும்தான். இன்று ஒற்றை மருத்துவர் நடத்தும் சிறு அறையும் பதிவு பெற வேண்டும். பயன்படுத்திய ஊசியைத் துளைக்க முடியாத வெண்கலத்திலே போடவேண்டுமென்று 2016-இன் மருத்துவக் கழிவு விதி கூறுகிறது. வெண்கலம் என்றால் கோவில் மணியின் உலோகம் அல்ல, தோழர்களே. வெள்ளை நிறக் கலம்!

ஒன்று சொன்னால் கோபிக்கலாகாது. குற்றத்திலே நமக்கும் பங்குண்டு. மாத்திரை போதும் என்று மருத்துவர் சொன்னால் முகம் வாடுகிறோம். "ஒரு ஊசி போட்டுவிடுங்கோ சார்" என்று கெஞ்சுகிறோம். ஊசி போடாதவரைக் கைராசி இல்லாதவர் என்று ஊர் தூற்றுகிறது. தேவையற்ற ஒவ்வொரு ஊசியும் தேவையற்ற ஒரு வாசல். அதன் வழியே எது நுழையும் என்று எவர் சொல்லக்கூடும்?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கு இந்தப் பாடத்தைப் புகட்டியவர் என் அத்தை. வயலிலே நாற்று நட்டே முதுகு வளைந்தவர். ஊரின் பெயர் வேண்டாம், மருத்துவரின் பெயரும் வேண்டாம். காய்ச்சலோடு அழைத்துச் சென்றேன். மருந்தேற்றிய ஊசியோடு திரைக்குப் பின்னாலிருந்து வந்தான் உதவியாளன். அத்தை கையை இழுத்துக்கொண்டார்.

"மக்களே, புது ஊசியா இது? ஒறையை எங்கண்ணு முன்னால கிழிச்சு எடு."

"பெரிய டாக்டரம்மாவோ?" என்று சீறினான் அவன். வரிசையிலே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கித் தலைகுனிந்தேன், மறைக்கவில்லை. நாடகம் எழுதுகிறவன் நான், ஆனால் அடுத்த காட்சியை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. அறைக்குள்ளிருந்து வந்த மருத்துவர் அவன் கையிலிருந்ததை வாங்கிக் குப்பையிலே போட்டார். கை கழுவினார். புதியது ஒன்றை எடுத்து, அத்தையின் கண்ணெதிரே உறையைக் கிழித்தார்.

சிரித்தவர்களுள் ஒருவர் தம் முறை வந்தபோது மெல்லக் கேட்டார்: "எனக்கும் அப்படியே கிழிச்சுக் காட்டுங்கோ, சார்."