விரத நாளும் மலை வேலையும்: சிறுநீரகத்தைக் காப்போம்

(மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் இன்று சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் நம் தொழிலோடு சேர்ந்த பிரச்சினைதான்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராகப் போகிறது. மீதி உடம்புக்கே திரும்புகிறது. இந்த வேலைக்குப் போதிய இரத்தமும் ஒட்சிசனும் வேண்டும்.

சுகமாக உள்ளவர் வீட்டில் இருந்து ஒரு நாள் விரதம் பிடித்தால் சிறுநீரகம் தாங்கும். நாமோ சஷ்டியிலும் வெள்ளிக்கிழமையிலும் வெறும் வயிற்றோடு மலை ஏறுகிறோம். வெயிலில் கொழுந்து பறித்து வியர்வை கொட்டும்போது தண்ணீரும் குடிக்காவிட்டால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். பின்னேரம் உடம்பு வலிக்கு டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்ற குளிசை போட்டால் அது இன்னும் குறையும்.

இரும்புச்சத்து குறைந்தவர்களின் இரத்தம் போதிய ஒட்சிசனைச் சுமக்காது. சிறுநீரகம் பழுதானால் புது இரத்தம் ஊறுவதும் குறையும். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். செலெனியம் என்ற சத்தும் சிறுநீரகத்தைக் காக்கும். வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய் பற்றி 2013இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன, சுகாதார அமைச்சு ஆய்வில், நோயாளர் பலருக்கு அந்தச் சத்து குறைவாக இருந்தது. அதுவே முழுக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எனவே, விரதமில்லாத நாட்களில் மீன், முட்டை, பயறு, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தண்ணீரும் தொடாத விரதமென்றால் அன்று மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஒரு பேர் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீராவது குடித்து விரதம் பிடியுங்கள் என்கிறோம். சீனி வருத்தம், பிரஷர், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே விரதம் பிடிக்க வேண்டும்.

விரதமில்லாத நாளிலும் நம் பெண்கள் பலர் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. மலசலகூடம் இல்லாத மலையில் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லி என்ன பயன்?

ஒவ்வொரு மலைக்கும் குடிதண்ணீர், மலசலகூடம், தண்ணீர் குடிக்க நேரம்: இவையே நம் கோரிக்கை. எந்தெந்த நம்பர் மலையில் இவை இல்லை என்று ஒவ்வொரு தலைவியும் எழுதி, அடுத்த தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடம் போவோம்.