பாறையும் குடவோலையும்

 

மாமல்லபுரத்துச் சரிவில் உருளாது நிற்கும் பெரும்பாறையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அது மாயமன்று; பாறையின் எடை தாங்குதளத்தின்மேல் விழுவதும் உராய்வுமே காரணம் என்கிறது இயற்பியல்.

ஊரின் மேல்-கீழ் நிலையையும் விதி என்றனர். அதற்கும் காரணம் உண்டு. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றுகிறோம். ஆனால், குடத்தில் பெயர் இடம்பெறப் பொதுவாகக் கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, நிலமும் கல்வியும் கேளாமல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்தது. வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நீடித்தால் மக்களாட்சியே ஆட்டங்காணும் என்று 1949 நவம்பர் 25-இல் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார்.

1983-இல் கல்பாக்கத்தின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. மின்னோட்டம் சாதி அறியாது. கம்பியை எத்தெரு வரை இழுப்பது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். உலையை இயக்கும் கூடத்திலும், அம்முடிவை எடுக்கும் அவையிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வருகிறது.