லேப்டாப் வாங்குவதற்கு முன் – என் அனுபவம்

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. பத்தாவது வரைதான் படித்தேன். கூட்டமைப்புக்கு லேப்டாப் வாங்கிய விவரத்தைப் பேசு என்று தலைவி அக்கா சொன்னதால் நிற்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் வீட்டுக்கு வாங்கிய லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

2023-இல் என் மகள் பி.காம். சேர்ந்தாள். லேப்டாப் இல்லாமல் முடியாதும்மா என்றாள். எங்கள் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மாதம் 1,000 ரூபாய் அசல், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி, 15 தவணை. டவுனில் ஒரு கடையில் பழைய லேப்டாப் பார்த்தோம். “ஐ5 ம்மா, கம்பெனியில் ஓடினது. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் சீல் குத்திக் கொடுத்தார். ஆறு மாசம் வாரண்டி என்று வாயால் சொன்னார்.

வாங்கின முதல் மாசமே பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஐந்தாம் மாசம் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அவள் எழுதி வைத்ததெல்லாம் அதோடு போனது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “கீழே போட்டுட்டீங்க, இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது” என்றார். நாங்கள் கீழே போடவில்லை. ஆனால் அதைச் சொல்லிக் கேட்க என் கையில் என்ன இருக்கிறது? அந்தச் சீட்டில் மாடல் பேர்கூட இல்லை. மீதிப் பத்துத் தவணையையும் கட்டினேன். செத்துப்போன மாட்டுக்குக் கடன் கட்டினால் எப்படி இருக்கும் என்று நம்மில் பல பேருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். குழுக் கூட்டத்தில் “லேப்டாப் எப்படிடி ஓடுது?” என்று கேட்டால், “நல்லா ஓடுதுக்கா” என்பேன். ஏமாந்துட்டேன் என்று சொல்ல வெட்கம். லேப்டாப் துணியில் சுற்றிப் பரண்மேல் கிடந்தது.

போன வருஷக் கடைசியில் கூட்டமைப்புக்கு லேப்டாப் வாங்கும் பேச்சு வந்தது. 24 குழுவின் கணக்கு, தணிக்கைக்கான அறிக்கை, வங்கிக்குக் கடிதம் எல்லாவற்றுக்கும் டவுனுக்குப் போய்ப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து டைப் பண்ணிக்கொண்டிருந்தோம். செயற்குழுவில் ஒரு அக்கா, “புதுசு எதுக்கு? இவ வாங்கின கடையிலேயே பழசு ரெண்டு எடுத்துடலாம். இவ மகளோடது நல்லா ஓடுதுல்ல?” என்றார். எல்லாரும் சரி என்றார்கள். தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தாச்சு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பணம் போனது என்னோடு. இது 24 குழுவின் சந்தாப் பணம். எழுந்து, “எழுதாதீங்கக்கா” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் குழுவின் மூத்த அம்மா மட்டும், “அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு பேரு கூட வந்து கடையில கேட்டிருப்போமே புள்ள” என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு, சூடுபட்டவள்தான் சரியாகப் பார்ப்பாள் என்று என்னையும் கணக்காளரையும் இன்னொரு தங்கச்சியையும் வாங்கும் குழுவில் போட்டார்கள்.

என் மகளின் கல்லூரியில் கணினி சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். நமக்குப் பஞ்ச சூத்திரம் இருக்கிற மாதிரி, நாங்கள் ஐந்து விஷயம் எழுதி வைத்துக்கொண்டோம்.

ஒன்று, வேலையை எழுதுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். உழவு மாடு வேண்டுமா, கறவை மாடு வேண்டுமா என்று தெரியாமல் சந்தைக்குப் போவோமா? நமக்கு வேண்டியது கணக்கு எழுதுவது, கடிதம் டைப் பண்ணுவது, இன்டர்நெட், பிரிண்ட். இதற்கு விளையாட்டுக்கென்று செய்த விலை உயர்ந்த மெஷின் தேவையில்லை. படம் வரைகிற, வீடியோ வெட்டி ஒட்டுகிற படிப்பு என்றால் வேறு. பிள்ளையின் கல்லூரியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு, உள்ளே இருப்பதைக் கேளுங்கள். ராம் 8 ஜிபியாவது இருக்கட்டும். பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மெஷினில் ராமைப் போர்டோடு ஒட்டியே வைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. சேமிப்பதற்கு எஸ்எஸ்டி இருக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளே தட்டு சுற்றும், அதிர்ச்சி தாங்காது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, சீக்கிரம் திறக்கும். மலிவாக 64 ஜிபியோடு வருவதை எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்ச இடமே 64 ஜிபிதான்.

மூன்று, வயசைப் பாருங்கள். மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிறோம். பழைய இன்டெல் லேப்டாப்புக்கு எண்ணைப் பார்க்க வேண்டும். வெறும் ஐ5 என்றால் ஒன்றும் தெரியாது. அதன் பின்னால் நாலோ ஐந்தோ இலக்கம் இருக்கும். 6300 என்றால் ஆறாவது தலைமுறை, 8250 என்றால் எட்டாவது. 10, 11 என்று தொடங்கினால் பத்தாவது, பதினொன்றாவது. எட்டுக்கு முந்தியதில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எனக்குக் கொடுத்தது ஆறாவது தலைமுறை. பழசு என்றால் பேட்டரி ரிப்போர்ட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிதான் இருந்தால், பேட்டரி பாதி செத்தது என்று அர்த்தம்.

நான்கு, பழுதானால் யார் வருவார்? சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் விலை குறையும் என்றார்கள். குறையலாம். ஆனால் பழுதானால் யார் பஸ் ஏறித் தூக்கிக்கொண்டு போவது? அதனால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்தோம். வாரண்டி ஆன்சைட்டா, நாம் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று கேட்டோம். ஆன்சைட் என்றால் ஆள் நம் இடத்துக்கு வருவார். நம் ஊர் பின்கோடுக்கு வருவார்களா என்றும் கேட்டு வைத்துக்கொண்டோம்.

ஐந்து, பில். ஜிஎஸ்டி பில்லில் மாடல் பேர், சீரியல் நம்பர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். அந்த நம்பரும் மெஷினின் அடியில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். சில லேப்டாப்பில் விண்டோஸே இருக்காது, அதனால்தான் விலை குறைவாக இருக்கும். எக்செல், வேர்டு நிரந்தரமா, ஒரு மாசத்துக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழிலும் கணக்கிலும் நம் வேலைக்குப் போதும். பில் இருந்தும் கடைக்காரர் மறுத்தால் 1915-க்குப் போன் போடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூன்று கடை ஏறி இறங்கி, ஒரே மாடலுக்கு மூன்று விலைப்பட்டியல் வாங்கிச் செயற்குழுவில் வைத்தோம். பழசு இரண்டுக்குப் பதில் புதுசு ஒன்று, 38,500 ரூபாய், பில் கூட்டமைப்பின் பெயரில். மூன்று பின் பிளக்கில், எர்த் உள்ள பாயிண்டில் மட்டும் போடுகிறோம். ஒவ்வொரு மாசமும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்துப் பொருளாளர் பெட்டியில் வைக்கிறோம். எவ்வளவு நல்ல மெஷினும் ஒருநாள் படுக்கலாம், கணக்கு போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. பரண்மேல் கிடந்ததை அந்த ஆசிரியையிடம் காட்டினேன். “டிஸ்க் மட்டும்தாம்மா போயிருக்கு” என்றார். 2,000 ரூபாய்க்குள் எஸ்எஸ்டி மாற்றி, இலவசமான லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பேட்டரி இல்லை, கரண்டில்தான் ஓடுகிறது. ஆனால் ஓடுகிறது. என் மகள் கடைசி வருஷப் படிப்பை அதில்தான் படித்தாள். வெட்கப்படாமல் முன்பே வாயைத் திறந்திருந்தால், இரண்டு வருஷம் அவள் தோழி வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

கடன் வாங்கும்போது பத்துப் பேர் முன்னால் கேட்கிறோம். வாங்கின பொருள் கெட்டுப்போனால் மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்? அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்து வாங்கப்போகிறவளுக்கு உதவும். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கூட வரச் சொன்னால் நான் வருகிறேன்.