நட்டத்துக்கு எல்லை போடுவது யார்?

(தாராவியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"திறமையைக் காட்டுங்கள், டிரேடிங் செய்ய ஒரு லட்சம் டாலர் நாங்கள் தருகிறோம்" என்ற விளம்பரம் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் வந்து நிற்கிறது. இதற்கு 'ஃபண்டட் அக்கவுண்ட் சேலஞ்ச்' என்று பெயர். முதலில் நாம் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு தேர்வு. தேறினால் லாபத்தில் பங்கு. உழைத்துச் சேர்த்த கூலி இதற்குள் போவதால், இதன் கணக்கைச் சங்கத்தில் வைத்துப் பேசுவது நம் கடமை.

பரவலாக உள்ள விதி இது: லாபம் 10% காட்ட வேண்டும்; ஒரு நாள் நட்டம் 5 சதவீதத்தையும், மொத்த நட்டம் 10 சதவீதத்தையும் தொடக்கூடாது. தொட்டால் கணக்கு மூடப்படும். கட்டணம் போனது போனதுதான். முடிக்காத டிரேடில் தெரியும் நட்டத்தையும் பல இடங்களில் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

அப்படியானால் ஒரு லட்சம் என்பது பெயருக்குத்தான். உண்மையில் கையில் இருப்பது 10,000 டாலர் இழக்கும் இடம் மட்டுமே. அதுவும் பல நிறுவனங்களில் உண்மைச் சந்தையைத் தொடாத பாவனைக் கணக்கு!

ஒரு டிரேடுக்கு 2,000 டாலரைப் பணயம் வைப்பவர் ஒரே நாளில் மூன்றில் தோற்றால் 6,000 போய்விடும். அன்றே ஆட்டம் முடிந்தது. 500 வைப்பவர் 1,500 இழந்து மறுநாளும் நிற்பார். நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஐந்து முறை தொடர்ந்து பூ விழுவது பெரும்பாலும் நடக்கும். தொடர் தோல்வியும் அப்படித்தான்.

சில நிறுவனங்களில் எல்லையே நகரும். கணக்கு 1,04,000-க்கு ஏறினால், 90,000-ல் இருந்த எல்லை 94,000-க்கு ஏறும், பிறகு இறங்காது. கணக்கு பழையபடி ஒரு லட்சத்துக்கு வந்தால், மிஞ்சும் இடம் 6,000தான்.

தோழர்களே, நட்டத்துக்கு எல்லை வைப்பது நல்ல பழக்கம். ஆனால் இந்த எல்லை கம்பெனியைக் காக்கப் போட்டது. தோற்றவர் மீண்டும் மீண்டும் கட்டணம் கட்டுவதற்கு அங்கே எல்லையே இல்லை! அந்த எல்லையை நம் குடும்பம்தான் போட வேண்டும்.

பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்ததாக 2024-ல் செபி ஆய்வு சொன்னது. சந்தை வேறு, பாடம் ஒன்றே. அந்நியச் செலாவணி வணிகத்தை, இந்தியாவில் வாழ்வோர் அனுமதி பெற்றவர்களிடமும் அங்கீகாரம் பெற்ற சந்தைகளிலும் மட்டுமே செய்யலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 முதல் வெளியிட்டும் வருகிறது. அதைப் பாருங்கள்.

வீட்டு வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள். தாய்மார்களே, பிள்ளையைத் திட்டாமல், இதுவரை எத்தனை முறை கட்டணம் கட்டினான் என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிகளே, அந்தத் தொகையை மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். உழைப்பவரின் கூலிக்கு உழைப்பவரே காவல்!