கேள்வி கேட்பவரின் கடமை

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

கிரிக்கெட் மேட்ச் முடிந்ததும் டிவியில் ஒரு பேட்டி வரும். "ஜெயித்தது எப்படி இருக்கிறது?" என்பார்கள். "ரொம்ப சந்தோஷம், எல்லோரும் நன்றாக ஆடினார்கள்" என்று பதில் வரும். அதில் தப்பில்லை, ஆனால் அது உபசாரம். உண்மையான பேட்டி எது என்பதற்கு டேவிட் வால்ஷ் கதையைச் சொல்லலாம். அயர்லாந்துக்காரர். லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் விளையாட்டு நிருபர்.

1999-இல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்கரான லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஜெயித்தார். 1996-இல் புற்றுநோய் வந்து பிழைத்தவர். உலகமே கொண்டாடியது. வால்ஷுக்கோ உறுத்தல். முந்தைய வருடம்தான் அந்தப் பந்தயம் ஊக்கமருந்து விவகாரத்தில் நாறியிருந்தது. மருந்து ஒழிந்துவிட்டது என்றால் வேகம் குறைய வேண்டும்; கூடியிருந்தது. மருந்து இன்னும் இருக்கிறது என்று வெளியில் பேசிய கிறிஸ்டோஃப் பாசோன் என்ற பிரெஞ்சு வீரரிடம், பந்தயத்தின் நடுவிலேயே, "நீ வீட்டுக்குப் போ" என்கிற மாதிரி ஆம்ஸ்ட்ராங் பேசினார். நேர்மையானவர் ஏன் அப்படிப் பேச வேண்டும்?

உறுத்தலை வைத்துக்கொண்டு வால்ஷ் தீர்ப்பு எழுதவில்லை. 2001-இல் ஆம்ஸ்ட்ராங்கை நேரில் பேட்டி கண்டார். ஊக்கமருந்து வழக்கில் சிக்கியிருந்த மிக்கேலே ஃபெராரி என்ற இத்தாலிய டாக்டரிடம் அவர் போய்வந்த விவரங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு கேட்டார். பதில் மழுப்பலாக வந்தது. அந்தப் பதிலையும் சேர்த்தே எழுதினார்.

அடுத்து, எம்மா ஓ'ரைலி. அந்த அணி வீரர்களுக்கு மசாஜ் செய்துவந்த பெண். 1999-இல் ஆம்ஸ்ட்ராங்கின் சோதனையில் கார்ட்டிசோன் தென்பட்டதும், புண்ணுக்குப் போட்ட களிம்பு என்று காட்டப் பழைய தேதி போட்டு மருந்துச் சீட்டு வாங்கினார்கள் என்று இவர் வால்ஷிடம் சொன்னார். வங்கியில் வவுச்சர் பார்த்தவன் நான். பழைய தேதி போட்ட காகிதம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

2004-இல் பியர் பலெஸ்டர் என்பவரோடு சேர்ந்து வால்ஷ் பிரெஞ்சில் புத்தகம் கொண்டுவந்தார். அவதூறு வழக்குகள் வந்தன. 2006-இல் சண்டே டைம்ஸ் சமரசமாகி, ஆம்ஸ்ட்ராங்குக்கு 3 லட்சம் பவுண்டு கொடுத்தது. பத்திரிகையாவது பெரிய நிறுவனம், தாங்கியது. எம்மா தனி ஆள். அவர் மேலும் வழக்கு, பெயருக்கும் களங்கம்.

2012-இல்தான் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆதாரங்களை வெளியிட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் 7 பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரியின் டிவி பேட்டியில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். எம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். சண்டே டைம்ஸும் அதே வருடம் அவரோடு பேசித் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் எம்மா பட்ட பாட்டுக்கு எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, சந்தேகப்பட்டவர்தான் ஜெயித்தார்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் எல்லோருக்கும் வரும். வால்ஷ் அதோடு நிற்காமல் விவரம் தேடினார். சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்டார். அவர் தரப்பையும் எழுதினார். தன் பெயரைப் போட்டு எழுதினார். வழக்கு வந்தபோது ஒளியவில்லை.

நம் குடியிருப்பிலும் இது பொருந்தும். லிஃப்ட் கான்ட்ராக்டில் கமிஷன், வாட்ச்மேன் எடுத்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் யாராவது போட்டால், நாமும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பும் முன் அந்த வாட்ச்மேனை ஒரு வார்த்தை கேட்கலாம். பில் இருக்கிறதா என்று செயலாளரிடம் பார்க்கலாம். தப்பு உண்மை என்றால் கூட்டத்தில் எழுந்து நம் பெயரில் சொல்லலாம். அதை நம்மிடம் சொன்னது வீட்டு வேலை செய்யும் பெண் என்றால், அவர் வேலை போகாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு.

கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கேட்டதற்கு வரும் பதிலைக் காதுகொடுத்துக் கேட்கும் கடமையும் கூடவே வருகிறது.